பெயர் எழுதாத கைமாற்று

(பெரியம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், பண்ருட்டியை அடுத்த கிராமம் ஒன்றின் கிளை நூலகத்தில் நடந்த படத்திறப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய மூவரும் பெரியம்மாவை வள்ளல் என்று சொன்னார்கள். ஒருவர் கடையெழு வள்ளல்களுக்குப் பக்கத்தில் எட்டாவதாகவே உட்கார வைத்துவிட்டார். அன்பினால் சொன்னது, கைகூப்பி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மா இந்தக் கூட்டத்தில், அதோ அந்தத் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தால், அந்தச் சொல் காதில் விழுந்ததுமே எழுந்து வெளியே போயிருப்பார். பாரிக்குப் பறம்பு மலை இருந்தது, அதைச் சுற்றி முந்நூறு ஊர் இருந்தது. பெரியம்மாவுக்கு இருந்தது அறுபது சென்ட் முந்திரிக் கொல்லை, வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம், கொட்டை உடைத்தே தேய்ந்துபோன பத்து விரல். தானம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தர்மம் என்பது அவருக்கு வடலூர்த் தருமசாலை ஒன்றுதான். யாருக்கு எதைக் கொடுத்தாலும் அவர் சொன்னது ஒரே சொல்: கைமாத்து. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இளையவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அவரைத் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆயாவாகத்தான் தெரியும். நான் அவர் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினோரு வயது. அவர் என் அம்மாவுக்கு அக்கா. அப்பா இறந்த வருஷம் அம்மா என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டுவந்து இந்த ஊரில் இறக்கிவிட்டு, அதே பஸ் திரும்பி வரும்போது ஏறிப் போனார். பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். பெரியப்பா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு ராத்திரி நான்காவதாக ஒரு தட்டு எடுத்து வைத்தார். ஏழு வருஷம் அந்தத் தட்டை எடுக்கவில்லை. தங்கச்சி பையன் என்று என்னை யாரிடமும் சொன்னதில்லை. "நம்ம சின்னவன்" என்பார். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முந்திரி உடைக்கிற வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த உரையை அச்சில் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள்; வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் புண்ணாக்கும். கொட்டையை வறுத்து, கையில் சாம்பல் பூசிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கட்டைமேல் நிறுத்தி, சின்னக் கொட்டாப்புளியால் ஒரே தட்டு. அளவாகத் தட்டினால் முழுப்பருப்பு வரும். கொஞ்சம் ஓங்கிவிட்டால் உடைந்துபோகும். உடைந்த பருப்புக்கு விலை குறைவு, கூலியும் குறைவு. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிராது. எவ்வளவு சாம்பல் பூசினாலும் எண்ணெய் ஊறி விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, மறுபடி கறுக்கும். ஆதார் அட்டைக்கு ரேகை வைக்கப் போனபோது பெரியம்மாவின் பத்து விரலில் ஒன்றிலும் ரேகை விழவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள். "இருந்தாத்தான விழும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த விரல்கள் கொடுத்ததைத்தான் இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எப்படிக் கொடுத்தார் என்பதை ஒருமுறை கிட்டத்தில் இருந்து பார்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஆனி மாசம். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஒரு அக்கா வந்து நின்றார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார், போகவும் இல்லை. திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "வந்ததே வந்த, தோட்டத்துப் பக்கம் வாடி, ஒரு பழம் வெட்டணும், வந்து ஒரு கை புடி" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

தோட்டத்தில் சாக்கை விரித்து, கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுளை எடுத்தார்கள். கொட்டை தனியே, சுளை தனியே. பேச்சு எங்கெங்கோ போயிற்று. மழை, மாடு, யார் வீட்டுக் கல்யாணம். பாதிப் பழம் முடிகிற நேரத்தில் அந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார், பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட நாளைக்குக் கடைசி நாளாம். பெரியம்மாவும் தலையை நிமிர்த்தவில்லை. "எங் கையெல்லாம் பிசினு. நீ கையக் கழுவிக்கிட்டு உள்ள போயி, அந்த உளுந்துப் பானையில முடிஞ்சி வச்சிருக்கேன், எடுத்துக்க. கைமாத்துதான், கைல வந்தப்பக் குடு" என்றார். அந்த அக்கா உள்ளே போய் வந்தார். மிச்சப் பழத்தையும் இருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு தூக்கு நிறையச் சுளையோடு கிளம்பும்போது பெரியம்மா, "எவ்ளோன்னு சொல்லிட்டுப் போ, எழுதிக்கணும்" என்றார். "அறுபது ரூவா பெரிம்மா." "செரி."

அவர் போன பிறகு நான் கேட்டேன். பழம் வெட்ட நான் இருக்கிறேனே, எதற்கு அந்த அக்காவைக் கூப்பிட்டாய் என்று. பெரியம்மா கையில் இருந்த பிசினைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே சொன்னார். "வாசல்ல நின்னு கேக்கறது செரமண்டா. வேலை செஞ்சிக்கிட்டுக் கேட்டா வாய் வரும்." பிசின் உண்மையாகவே இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பிசின் கைக்காகத்தான் அன்றைக்கு அந்தப் பழத்தை வெட்டினார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. கொடுக்கிற கை மேலேயும் வாங்குகிற கை கீழேயும் இருக்கும் அல்லவா? அன்றைக்கு அந்த இடத்தில் கொடுக்கிற கையே இல்லை. வாங்கியவர் தானே போய், தானே எடுத்து, எவ்வளவு என்று தானே சொன்னார்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. குறியெதிர்ப்பை. ஒரு அளவு குறித்து வாங்கி, அதே அளவு திருப்பிக் கொடுப்பது. அடுத்த வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, அறுவடையானதும் அதே படியால் அளந்து கொடுப்போமே, அதுதான். ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் இந்தச் சொல்லை எடுக்கிறார். இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையது என்று இரண்டையும் பிரித்து வைக்கிறார். அவர் பிரித்தது சரிதான். திரும்பி வரும் என்று கொடுப்பது கொடையாகாது.

ஆனால் வாங்குகிறவர் பக்கத்தில் நின்று பாருங்கள். கொடை வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடப்பது ஒன்று, கைமாற்று வாங்கினேன் என்று நடப்பது வேறு. கைமாற்று வாங்கியவருக்குத் தலை குனிய வேண்டியதில்லை. இன்றைக்கு வாங்குகிறார், நாளைக்குக் கொடுப்பார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். பெரியம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். குறள் அவருக்குத் தெரியாது. ஆனால் வள்ளுவர் பிரித்து வைத்த இரண்டையும் அவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். கொடுத்தது ஈகை, அதற்கு வைத்த பெயர் குறியெதிர்ப்பை. நான் படித்த படிப்பில் இதற்கு இணையான ஒரு நுட்பத்தைக் கண்டதில்லை.

புறநானூற்றில் 163ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் பாடியது. குமணனிடம் பரிசில் வாங்கிவந்த புலவர் தன் மனைவியிடம் பேசுகிற பாட்டு. உன்னை விரும்புகிறவர்களுக்கும் நீ விரும்புகிறவர்களுக்கும் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக்கூடக் கேட்காதே, சேர்த்து வைத்து வாழலாம் என்று நினைக்காதே என்று போகும் அதன் கருத்து. அந்தப் பட்டியலில், நம் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களும் வருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பரிசில் வருவதற்கு முன்னால், அந்தப் புலவர் வீட்டு அடுப்பு எரிந்ததே அவர்கள் தந்த கைமாற்றினால்தான். குமணன் பெயர் நமக்குத் தெரிகிறது. கைமாற்றுத் தந்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

வடலூரைச் சொன்னேன். நம் ஊரிலிருந்து அது எட்டாத தூரமில்லை. வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி அங்கே தருமசாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றுவரை எரிகிறது. யார் என்ன என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். மாதப் பூசத்துக்குப் பெரியம்மா அங்கே போவார். போகும்போது வெறுங்கையோடு போகமாட்டார். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவார். பிடியரிசிப் பானை. வீட்டில் அரிசி நிறைய இருந்த நாளிலும் ஒரு பிடிதான், அரைப்படி மட்டும் இருந்த நாளிலும் ஒரு பிடிதான். பிடி சிறுத்ததை நான் பார்த்ததில்லை.

2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கியதல்லவா, அப்போது ஒருநாள் சொன்னார். "இப்பல்லாம் அரிசிக்குன்னு யாரும் வர்றதில்லடா. ஆஸ்பத்திரிக்கு வராங்க, பீசுக்கு வராங்க, வட்டிக்காரன் நிக்கிறான்னு வராங்க." அவருக்கு அதில் நிம்மதியும் இருந்தது, கவலையும் இருந்தது. அரிசியைப் பிடிபிடியாகச் சேர்க்கலாம். ஆஸ்பத்திரிச் செலவை எந்தப் பானையில் சேர்ப்பது?

அந்த வருஷக் கடைசியில்தான் தானே புயல் வந்தது. 2011 டிசம்பர் 30, விடியற்காலை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்றின் வேகம் என்றார்கள். இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அந்த இரவை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். இரண்டாம் நாள்தான் வந்துசேர முடிந்தது. பண்ருட்டியிலிருந்து நடந்து வந்தேன். சாலையில் மரம், மரத்துக்கு மேல் மின்கம்பம், கம்பத்துக்கு மேல் மரம். முந்திரிக் கொல்லைகளைப் பார்த்தபோது எனக்கு வழி தவறிவிட்டதோ என்று தோன்றியது. எப்போதும் நிழல் கட்டி நிற்கிற இடமெல்லாம் வெட்டவெளியாகக் கிடந்தது. வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நட்ட கன்று காய்ப்புக்கு வர முந்திரிக்கு மூன்று நான்கு வருஷமாவது வேண்டும், கொட்டை போட்டு முளைத்த பலாவுக்கு ஏழெட்டு வருஷம் வேண்டும். ஒரே காலையில் ஒரு தலைமுறையின் வருமானம் மண்ணில் படுத்துவிட்டது.

பெரியம்மா வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு தவிர எதுவும் மிச்சமில்லை. பின்னால் அந்தப் பலாமரம் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த மரத்தின் அடித்தூரை ஒட்டி மூன்று கல் கூட்டி, பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பிடியரிசிப் பானை காலியாகக் கவிழ்ந்திருந்தது. பச்சை விறகு எரியாது, எல்லாம் நனைந்து கிடக்கிறது, என்ன வைத்து எரிக்கிறார் என்று பார்த்தேன். முந்திரி ஓடு. கொட்டை உடைத்த ஓட்டைச் சாக்கில் கட்டித் தாழ்வாரத்தில் வைத்திருந்தார். அதில் இருக்கிற எண்ணெய், கையைப் புண்ணாக்குகிற அதே எண்ணெய், ஈரத்திலும் திகுதிகுவென்று எரியும். கண் எரிகிற கறும்புகை. அந்தப் புகைக்குள் உட்கார்ந்து ஓட்டை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியா" என்றார். வீடு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தத் தெருவுக்கு இன்னும் போகல, தூக்குல ஊத்தித் தரேன், கொண்டுபோயிக் குடுத்துட்டு வா" என்றார்.

பொங்கல் கழிந்து மர வியாபாரி வந்தார். நம் பக்கத்துப் பலாமரத்துக்குத் தஞ்சாவூரில் மதிப்பு உண்டு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம். ஆனால் ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கிற நேரத்தில் விலை எங்கே நிற்கும்? ஒன்பதாயிரம் கொடுத்தார். கூரை போடக்கூட அது காணாது. அந்தப் பணத்தை என்ன செய்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு, "கைமாத்துக் குடுத்துட்டேன், வரும்" என்று முடித்துவிட்டார். கூரைக்குப் பெரியம்மாவின் மகன், என் பெரிய அண்ணன், கடன் வாங்கினார்.

இந்த இடத்தில் நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பது நம் வழக்கம். ஆனால் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சொல்லச் சொன்ன பிறகுதான் சொல்கிறேன்.

அக்காவுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒரு பொங்கல். அந்த வருஷம் முதல்முறையாக அவருக்குப் பாவாடை தாவணி எடுத்திருந்தார்கள். தாவணி மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூக் கலரில் கரை. பெட்டியில் வைத்து தினம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அடுத்த தெருவில் ஒரு பெண் வயசுக்கு வந்தாள். அவள் வீட்டில் மாற்றுத்துணிகூட இல்லை. பெரியம்மா பெட்டியைத் திறந்தார்; துணி போய்விட்டது. அக்கா பழைய பாவாடையோடுதான் அந்தப் பொங்கலைக் கொண்டாடினார். அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, பெரியம்மா படுக்கையில் இருந்தபோது, ஒருநாள் ராத்திரி என்னிடம் சொன்னார். "ஊருக்கெல்லாம் முழு அம்மாவா இருந்தாங்கடா. எனக்கு மட்டும் மிச்சம் இருந்த அம்மாதான் கெடச்சாங்க."

பெரியம்மா செய்தது தவறு. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. தன் வாய்ச்சோற்றைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் ஆசையை எடுத்துக் கொடுக்க உரிமை இல்லை. மகளிடம் கேட்டிருக்கலாம். "உன்னுதக் குடுக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அக்காவே எடுத்துக் கொடுத்திருப்பார். அவர் மனசு எனக்குத் தெரியும். கொடுக்கிற வீட்டில் வளர்கிற பிள்ளைகளின் கணக்கு யாருடைய நோட்டிலும் ஏறுவதில்லை. அக்காவின் அந்த மஞ்சள் தாவணியையும் இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நாம் பெரியம்மாவை நினைக்க வேண்டும்.

என் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அந்த வீட்டில் ஏழு வருஷம் சாப்பிட்டேன். எல்லோருக்கும் போட்டுவிட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் ஊற்றிவிட்டு, கடைசியில் சட்டியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பெரியம்மா சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்த ஞாபகமே இல்லை. ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட "நீ சாப்ட்டியா பெரிம்மா" என்று கேட்டதில்லை. கடைசிக் காலத்தில் உடம்பு பாதியாகிப் படுத்திருந்தபோது டாக்டர் சொன்னார், ரத்தம் குறைந்து குறைந்து பல வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று. நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அன்னபூரணி என்று நாம் சொல்கிற பெண்கள் வீடு வீடாக இருக்கிறார்கள். அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறோம். தம்பிகளே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

போன ஐப்பசியில் பெரியம்மா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு புடவை, பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி, வடலூர்த் திருநீற்றுப் பொட்டலம், பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டு. நோட்டைப் புரட்டினோம். முன்பக்கத்திலிருந்து அவர் வாங்கிய கடன். மூன்றே வரி, பெயர், ஊர், தேதி, தொகை, எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மாதிரி உருட்டி உருட்டி எழுதியிருந்தார். மூன்றையும் அன்றைக்கே அண்ணன் அடைத்துவிட்டார்.

நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர் கொடுத்த கைமாற்று. நாற்பத்தேழு வரி. ஒரு வரியிலும் பெயர் இல்லை.

செவப்புக்கல்லு மூக்குத்தி, 500. மழயில வந்தது, 300. பரிச்சப் பணம், 850. சிரிச்சிக்கிட்டே அழுதவ, 1000. புயலு, மஞ்சப் பை, 1000. புயலு, கைப்புள்ள, 1000. இப்படியே போகிறது. புயல் என்று தொடங்குகிற வரிகள் ஒன்பது. ஒன்பதும் ஆயிரம் ஆயிரம். பலாமரம் அங்கே இருந்தது.

சின்ன அண்ணன் அந்த வரிகளைப் படித்துப் படித்துப் பார்த்தார். யார் மூக்குத்தி, யார் மஞ்சள் பை, ஒன்றும் பிடிபடவில்லை. எழுத மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தோம். தான் வாங்கியதில் பெயரும் ஊரும் எழுதத் தெரிந்தவர் இதில் எழுத மறப்பாரா? அவருக்கு மட்டும் விளங்குகிற அடையாளத்தைப் போட்டு வைத்திருக்கிறார். தான் இல்லாத காலத்தில் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது. நாற்பத்தேழில் பதினாறு வரியைக் கோடு போட்டு அடித்திருந்தார். அவை திரும்பி வந்தவை. மிச்சம் முப்பத்தொன்று.

நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோட்டத்துக் கதவுப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நடுவயதைக் கடந்த ஒரு அம்மா. வாசலில் அவ்வளவு கூட்டம் இருக்க, பின்பக்கம் வந்து நின்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து நீட்டினார். ஆயிரம் ரூபாய். "பெரிம்மா கிட்ட வாங்குனது. இந்த வருசந்தான் மரம் நல்லாக் காய்ச்சுது. குடுக்கறதுக்குள்ள போயிட்டாங்க" என்றார்.

பெரிய அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார். "வேணாம்மா, அம்மா குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும், எடுத்துட்டுப் போங்க." அந்த அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. நீட்டிய கை அப்படியே நின்றது. அத்தனை வருஷமாகக் கைமாற்று என்று மனசில் வைத்திருந்ததை, அந்த ஒரு வார்த்தை தர்மமாக்கிவிட்டது. அண்ணனுக்கு அது புரியவில்லை. எனக்கும் அந்த நிமிஷத்தில் புரியவில்லை.

அக்காவுக்குப் புரிந்தது. எழுந்துபோய் அந்தப் பணத்தை வாங்கினார். அவர் எதிரிலேயே ஒன்று, இரண்டு என்று எண்ணினார். "சரியா இருக்குங்க" என்றார். பிறகு நோட்டையும் ஒரு பேனாவையும் அந்த அம்மாவின் கையில் கொடுத்து, "நீங்களே உங்க வரிய அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டை அழுத்திப் போட்டார். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த வரி என்று அக்கா பார்க்கவில்லை. எங்களையும் பார்க்க விடவில்லை.

பெரியம்மாவிடம் மிச்சம் இருந்த அம்மாவைத்தான் வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன அக்கா அவர். பெரியம்மாவை முழுசாகப் புரிந்துவைத்திருந்தவரும் அவர்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மாவையும் சேர்த்து இந்த ஒரு வருஷத்தில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சிலர் முழுதாக, சிலர் பாதியாக. ஒருவர் பணத்துக்குப் பதிலாக ஒரு மரக்கால் மல்லாக்கொட்டை கொண்டுவந்தார். எல்லோருக்கும் அக்கா நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிட்டுக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் பத்தொன்பது வரி இருக்கிறது. அந்தப் பத்தொன்பது பேரில் சிலர் இப்போது இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. வர முடியாதவர்கள் அதை நினைத்துச் சங்கடப்பட வேண்டாம். பெரியம்மா கெடு எதுவும் எழுதவில்லை. வருகிறவர்களிடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

நோட்டு தோட்டத்துக் கதவை ஒட்டிய மாடத்தில் இருக்கிறது. வந்த பணம் எதையும் வங்கியில் போடவில்லை. அது பழையபடி உளுந்துப் பானையில்தான் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் பின்பக்கமாக வாருங்கள். எடுத்துக்கொண்டு எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். அக்கா எழுதிக்கொள்வார்.